சான்றுக்கும் சான்றுக்கும் இடையில்: கட்டடத் தீப்பாதுகாப்பு ஆய்வும் உரிமையாளர் பொறுப்பும்

கட்டடங்களின் தீப்பாதுகாப்பு பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரு விபத்தை ஒட்டியே எழுகிறது. சில வாரங்களுக்கு ஆய்வுகள் முடுக்கிவிடப்படுகின்றன, சில கட்டடங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பப்படுகின்றன, சில பூட்டி முத்திரையிடப்படுகின்றன, பிறகு பழைய நிலை திரும்பிவிடுகிறது. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பற்றிய தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. இரண்டு இடங்களிலும் எளிதில் பற்றும் கீற்று இருந்தது. இரண்டிலும் உள்ளே இருந்தவர்கள் வெளியேறப் போதாத குறுகிய வழியே இருந்தது. முதல் விபத்து கற்பித்திருக்க வேண்டிய பாடம் அடுத்த ஆறு மாதங்களில் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு பள்ளியை எட்டவில்லை என்பதிலிருந்தே ஆய்வுமுறை பற்றிய எந்த மதிப்பீடும் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆய்வு என்ற பெயரில் எது பார்க்கப்படுகிறது, எது விடுபடுகிறது, ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடைப்பட்ட நாட்களில் கட்டடத்தின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் பணி.

தீ விபத்துகளில் மக்கள் எவ்வாறு இறக்கிறார்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் விதிகளின் பொருள் விளங்காது. உடல் கருகி இறப்போரைவிடப் புகையால் மூச்சுத் திணறி இறப்போரே கட்டடத் தீகளில் பொதுவாக அதிகம். எரியும் பஞ்சு, நுரைமெத்தை, நெகிழிப் பொருள், மின்கம்பி உறை ஆகியவற்றிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படுகின்றன. சில நிமிடங்களிலேயே இவை மனிதரை நினைவிழக்கச் செய்கின்றன. சூடான புகை மேல்நோக்கிச் செல்வதால் படிக்கட்டுக் கூடம், லிஃப்ட் குழி, குளிர்சாதனக் குழாய்வழி, மின்கம்பிகள் தளம்விட்டுத் தளம் ஏறும் செங்குத்துத் துளை ஆகிய அனைத்தும் அதற்குப் புகைபோக்கிகளாகிவிடுகின்றன. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்கார் திரையரங்கில் நிகழ்ந்தது இதுவே. தீ மூண்டது தரைத்தள வாகன நிறுத்தத்தை ஒட்டியிருந்த மின்மாற்றியில். 59 பேர் இறந்ததோ புகை ஏறிய மேல்மாடத்தைச் சுற்றி. அங்கே கூடுதல் இருக்கைகளுக்காக ஒரு நடைவழி அடைக்கப்பட்டிருந்தது. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் அம்ரி மருத்துவமனையில் தரைக்கீழ்த் தளத்தில் எழுந்த புகை குளிர்சாதன வழிகளில் ஏறி, கண்ணாடியால் மூடப்பட்ட மாடிகளில் வெளியேற வழியின்றித் தங்கி, ஏறத்தாழ 90 பேரைக் கொன்றது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது சிறுமி ஒருவர் உட்பட உயிரிழந்தவர்கள் லிஃப்டுக்குள் மயங்கிய நிலையில் காணப்பட்டனர். தீப்பிடித்ததற்கான காரணமும் மக்கள் இறந்ததற்கான காரணமும் வேறுவேறு என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. மின்கசிவு என்ற ஒரு காரணத்தோடு விசாரணையும் செய்தியும் முடிந்துவிடும்போது, அந்த இரண்டாவது காரணம் கேட்கப்படாமலேயே போகிறது.

சட்ட அமைப்பு பல அடுக்குகளைக் கொண்டது. தீயணைப்புப் பணி, 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்வழி வந்த பன்னிரண்டாம் அட்டவணையில், உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. மகாராட்டிரத்திலும் குசராத்திலும் பெருநகர மாநகராட்சிகளே தீயணைப்புப் படையை நடத்த, தமிழ்நாட்டில் அது மாநில அரசின் தனித் துறையாக இருக்கிறது. இத்துறைக்கு 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டமும் 1990ஆம் ஆண்டின் விதிகளும் அடிப்படை. கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன, அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை உயர்மாடிக் கட்டடங்கள். தேசியக் கட்டட நெறித்தொகுப்போ 15 மீட்டரிலேயே அந்த வரம்பைத் தொடங்குகிறது. 2016இல் திருத்தப்பட்ட அத்தொகுப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீ மற்றும் உயிர்ப்பாதுகாப்புக்கு உரியது; குடியிருப்பு, கல்விக்கூடம், மருத்துவமனை, கூடுமிடம், அலுவலகம், கடை, தொழிற்கூடம், கிடங்கு, ஆபத்தான பொருள் வைக்கும் இடம் எனக் கட்டடங்களைப் பயன்பாட்டின்படி ஒன்பது வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையானவற்றை அது அட்டவணைப்படுத்துகிறது. ஆனால் அது ஒரு பரிந்துரை நூலே. மாநில விதி ஒன்று அதைச் சுட்டி ஏற்கும்போதுதான் அதற்குச் சட்ட வலிமை கிடைக்கிறது.

நடைமுறையில் உரிமையாளர் எதிர்கொள்ளும் ஆவணங்கள் மூன்று. வரைபட அனுமதிக்கு முன் தீயணைப்புத் துறை தரும் தடையில்லாச் சான்று, வரைபடம் தீப்பாதுகாப்புக்கு ஒத்துள்ளது என்பதைக் குறிக்கும். கட்டி முடித்தபின் நேரில் ஆய்ந்து தரப்படும் இணக்கச் சான்று, வரைபடத்தில் காட்டியது தரையிலும் இருப்பதைக் குறிக்கும். பயன்பாடு தொடங்கியபின் குறித்த காலத்துக்கு வழங்கப்பட்டு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படும் உரிமம், அந்த ஏற்பாடுகள் இன்னும் இயங்குகின்றன என்பதைக் குறிக்கும். தனியார் பள்ளிகள் இவற்றோடு கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, பொதுக் கட்டட உரிமம் ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டினால்தான் கல்வித்துறையின் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். இந்த மூன்று ஆவணங்களுள் உயிரைக் காப்பதில் பெரும் பங்கு மூன்றாவதற்கே உண்டு; மிகப் பலவீனமாக நிற்பதும் அதுவே.

அது ஏன் பலவீனமானது என்பதை ஆய்வின் உள்ளடக்கத்திலிருந்தே அறியலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: எத்தனை தீயணைப்பான்கள், அவற்றில் மறுநிரப்பு நாள் குறித்த அட்டை உண்டா, நீரேற்றக் குழாய் ஒவ்வொரு தளத்துக்கும் செல்கிறதா, குழாய்ச் சுருள் பெட்டியில் குழாயும் முனையும் உள்ளனவா, நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு என்ன, புகை உணர்விகளும் எச்சரிக்கை மணியும் பொருத்தப்பட்டுள்ளனவா என்பன அதில் அடங்கும். இவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் இவை எண்ணத்தக்கவை, வாங்கத்தக்கவை, ஒரு நாளைக்குச் சரிசெய்து காட்டத்தக்கவை. எண்ணிக்கையில் அடங்காதவற்றில்தான் கட்டடத்தின் உண்மை நிலை வெளிப்படுகிறது.

நீரேற்று அறையை எடுத்துக்கொள்ளலாம். உயர்மாடிக் கட்டடம் ஒன்றில் மின்சாரத்தில் இயங்கும் முதன்மை மோட்டார், மின்சாரம் நின்றால் இயங்க வேண்டிய டீசல் மோட்டார், குழாய்களில் எப்போதும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கி எனப்படும் சிறு மோட்டார் ஆகிய மூன்றும் தானியங்கு நிலையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தளத்தில் குழாயைத் திறந்தாலும் அழுத்தம் குறைந்த கணத்திலேயே அவை தாமாக ஓடத் தொடங்கும். குழாய் இணைப்புகளில் சிறு கசிவு ஏற்படும்போது ஜாக்கி மோட்டார் அடிக்கடி ஓடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது, இரைச்சல் பற்றிப் புகார் வருகிறது. கசிவைத் தேடி அடைப்பதற்குப் பதிலாகப் பராமரிப்புப் பணியாளர் விசையைக் கைமுறை நிலைக்கு மாற்றிவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தின் நீரேற்று அமைப்பு முழுவதும் ஒரு மனிதர் நள்ளிரவில் கீழ்த்தளத்துக்கு ஓடிச் சென்று விசையைத் திருப்புவதை நம்பியிருக்கிறது. டீசல் மோட்டாரின் மின்கலம் ஓராண்டு தொடப்படாமல் கிடந்தால் அதுவும் செத்துவிடுகிறது. தீக்கென ஒதுக்கப்பட்ட தொட்டி நீரைக் கோடைக் குடிநீர்த் தட்டுப்பாட்டில் எடுத்துப் பயன்படுத்தும் பழக்கமும் புதிதன்று. ஆய்வு நாளன்று தொட்டி நிறைந்திருக்கும், மின்கலம் மாற்றப்பட்டிருக்கும், விசை தானியங்கு நிலையில் இருக்கும். அடுத்த வாரத்தைப் பற்றிச் சான்றிதழால் எதையும் உறுதி கூற முடியாது.

தானியங்கு நீர்த்தெளிப்பான்களைப் பற்றிய ஒரு தவறான எண்ணமும் உரிமையாளர்களைத் தயங்க வைக்கிறது. ஒரு மூலையில் புகை எழுந்தால் தளம் முழுவதும் நீர் கொட்டிச் சரக்கை நாசமாக்கிவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவதுண்டு. பெரும்பாலான கட்டடங்களில் உள்ள தெளிப்பானின் கண்ணாடிக் குமிழ் ஏறத்தாழ 68 பாகை செல்சியசில் உடைகிறது. வெப்பம் எட்டிய குமிழ் மட்டுமே உடைகிறது, அதன் கீழே மட்டுமே நீர் பொழிகிறது. கூரைவரை துணிமூட்டை அடுக்கித் தெளிப்பானின் நீர் விரியவிடாமல் மறைப்பதே கடைகளில் காணப்படும் மெய்யான குறை.

வெளியேறும் வழிகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. தங்குமிடம், பள்ளி, மருத்துவமனை, கடை ஆகியவற்றில் எந்த இடத்திலிருந்தும் பாதுகாப்பான வெளியேறு வாயிலை அடையும் தொலைவு 30 மீட்டருக்கு மிகக்கூடாது, உயர்மாடிக் கட்டடங்களில் குறைந்தது இரண்டு படிக்கட்டுகள் வேண்டும், படிக்கட்டுக் கூடத்தின் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நெறித்தொகுப்பு கூறுகிறது. காற்றோட்டத்துக்காக அக்கதவுகள் செங்கல் வைத்துத் திறந்து விடப்படுகின்றன. இரண்டாம் படிக்கட்டு அட்டைப் பெட்டிகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் கிடங்காகிறது. திருட்டுக்கு அஞ்சிப் பின்வாயிலில் இரும்பு கிரில் கதவும் பூட்டும் ஏறுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடிக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் பாதுகாப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது, சாவியோ சங்கச் செயலாளர் வீட்டில் இருக்கிறது. திருட்டைப் பற்றிய அச்சம் நியாயமானது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாள் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால், இரண்டு அச்சங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எவருக்கும் இல்லை.

சென்னையின் நடுத்தர அடுக்குமாடி வீடுகளின் தரைத்தளத்தைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். தூண்கள்மீது கட்டிய வாகன நிறுத்தம், அதன் நடுவே ஒரே படிக்கட்டு, அந்தப் படிக்கட்டின் அடியில் எல்லா வீடுகளுக்குமான மின்அளவிப் பலகை, அதை ஒட்டி நிறுத்திய பெட்ரோல் வண்டிகள், அண்மைக் காலமாக அங்கேயே மின்னேற்றம் செய்யப்படும் மின்சார ஸ்கூட்டர்கள் என்பதே அதன் பொதுவான அமைப்பு. உப்காரில் கூடியிருந்த மூன்று கூறுகளும், அதாவது கீழே மின்சாதனம், அதனருகே வாகனங்கள், அவற்றுக்கு மேலே மக்கள் என்பவை, இங்கே சிறிய அளவில் ஒன்றுகூடியுள்ளன. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டாததால் இக்குடியிருப்புகளில் பெரும்பாலானவை தீயணைப்புத் துறையின் முறையான ஆய்வு வட்டத்துக்குள் வருவதே இல்லை. உயரத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் விதி, மிகுதியான மக்கள் வாழும் கட்டட வகையைப் பார்வையிலிருந்து விலக்கிவிட்டது என்பது இக்கட்டுரையின் உறுதியான முடிவு.

விதி மீறிக் கட்டியவற்றை வரன்முறைப்படுத்தும் வழக்கம் இன்னொரு பெரும் தடை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து அபராதத்தின்பேரில் விதிமீறல்களை ஏற்க வகைசெய்தபோது, ஒருமுறை மட்டும் தரப்படும் சலுகை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அதை நிலைநிறுத்தியது. பின்னர் வந்த 113-சி பிரிவு 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கும் அச்சலுகையை நீட்டியது. வாகன நிறுத்தக் குறைவையோ கூடுதல் தரைப்பரப்பையோ பணத்தால் ஈடுசெய்யலாம் என்று வாதிட இடமுண்டு. தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய பக்கவாட்டு இடைவெளியை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராயநகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றி ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, இறுதியில் முழுவதுமாக இடிக்கப்பட்டது. விடியற்காலையில் கடை மூடியிருந்த நேரம் என்பதே பேருயிர்ச்சேதம் நேராமல் காத்தது.

அரசுக் கட்டடங்களும் இதில் விலக்கானவை அல்ல. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் கலச மகாலில் எழுந்த தீயை அணைக்கச் சென்ற தீயணைப்புத் துறையினருள் ஒருவர் உயிரிழந்தார். உரிமம் கேட்கும் அரசு தன் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் அதே அளவுகோலால் அளந்தாலன்றித் தனியாரிடம் கண்டிப்புக் காட்டும் தகுதியைப் பெறாது.

பொறுப்பு யாருடையது என்ற வினாவில் நீதிமன்றங்கள் சட்டமன்றங்களைவிட முன்னே சென்றிருக்கின்றன. கும்பகோணம் விபத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. உப்கார் வழக்கில் 2007இல் விசாரணை நீதிமன்றம் உரிமையாளர்களோடு நிற்காமல், மேலாளர்கள், மின்வாரியப் பணியாளர்கள், சான்றளித்த நகராட்சி மற்றும் தீயணைப்பு அலுவலர்கள் ஆகியோரையும் குற்றவாளிகளாகக் கண்டது. கட்டடத்தைப் பாராமல் இடும் கையெழுத்தும் குற்றமே என்பதை நிறுவியதால் அத்தீர்ப்பு ஆய்வுமுறையின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. ஆயினும் தீர்ப்பு விபத்துக்குப் பின்பே வருகிறது.

பிற மாநிலங்களும் நாடுகளும் இடைப்பட்ட நாட்களின் பொறுப்பை வெவ்வேறு வழிகளில் தீர்க்க முயன்றுள்ளன. தில்லியின் 2010ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புகளுக்கு ஐந்தாண்டும் மற்றவற்றுக்கு மூன்றாண்டும் செல்லும் சான்றை வழங்குகின்றன. இத்தகைய நீண்ட இடைவெளி துறையின் பணிச்சுமையைக் குறைக்கலாமே ஒழியப் பாதுகாப்பைக் கூட்டாது. மகாராட்டிரத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாறாக, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றைக் கொண்டு கருவிகளைச் சோதித்து, அவை இயங்குநிலையில் உள்ளன என்ற சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமையாளரே அளிக்க வேண்டும் என்கிறது. இது சரியான திசையில் எடுத்த அடி. ஆனால் சான்று தரும் நிறுவனத்துக்கு ஊதியம் தருபவர் உரிமையாளராகவே இருப்பதால், குறிப்பிட்ட விழுக்காட்டுக் கட்டடங்களை முன்னறிவிப்பின்றித் துறை மறு ஆய்வு செய்யாதவரை அது வெறும் தாளாக மாறும் ஆபத்து உண்டு. 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் கூரைமேல் உணவகங்களில் 14 பேர் இறந்தது அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே என்பதையும் மறக்கலாகாது. சிங்கப்பூரில் இருநூறு பேருக்கு மேல் கூடக்கூடிய பொதுக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் தீச்சான்று கட்டாயம். பெரிய கட்டடங்கள் பயிற்சி பெற்ற தீப்பாதுகாப்பு மேலாளர் ஒருவரைப் பணியில் வைத்திருக்கவும் வேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீயணைப்புத் துறையே கட்டடங்களுக்குச் சான்று வழங்கிவந்தது. சான்று கிடைத்ததோடு கடமை முடிந்தது என்ற எண்ணத்துக்கு அது இடம் தருவதை உணர்ந்து, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆணை அச்சான்றை ஒழித்துவிட்டு, கட்டடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரைப் பொறுப்பாளர் எனக் குறித்து, ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைகளை நீக்கும் கடமையை இடைவிடாத கடமையாக அவர்மீது வைத்தது. 2017 ஜூன் 14 அன்று இலண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் மாண்டபோது அந்த முறையின் குறையும் வெளிப்பட்டது. எரியக்கூடிய வெளிச்சுவர் உறைத் தகடுகள் முதன்மைக் காரணம் என்றாலும், மதிப்பீடுகளில் குறிக்கப்பட்ட குறைகள் தீர்க்கப்படாமல் குவிந்திருந்ததும் தாமாக மூட வேண்டிய கதவுகள் பல மூடாமல் இருந்ததும் விசாரணையில் தெரியவந்தன. அதன்பின் 2023 ஜனவரி முதல், உயர்மாடிக் குடியிருப்புகளில் தீயணைப்போர் பயன்படுத்தும் லிஃப்டுகளையும் கருவிகளையும் மாதந்தோறும் சோதிக்கவும், 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பொதுவழித் தீக்கதவுகளைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கவும் விதி வந்தது. உயரத்தின் வரம்பு 11 மீட்டருக்கு இறங்கியதையும், கதவு என்ற எளிய பொருள் சட்டத்தின் மையத்துக்கு வந்ததையும் தமிழ்நாட்டு விதியாளர்கள் கவனிக்க வேண்டும்.

சிறு உரிமையாளரின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பழைய கட்டடத்தில் மருத்துவமனையோ விடுதியோ நடத்துபவரிடம் இரண்டாம் படிக்கட்டைக் கட்டச் சொன்னால் இடமே இருக்காது. பல அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருப்பதால் இடைத்தரகர்கள் பெருகுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர் செய்யும் உள்மாற்றங்களுக்கு நிலத்தின் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டிவருகிறது. பழைய கட்டடங்களுக்கு வெளிப்புற இரும்புப் படிக்கட்டு, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, நோயாளிகளைக் கீழ்த்தளங்களில் மட்டும் வைத்தல், புகை உணர்விகள் ஆகிய மாற்று ஏற்பாடுகளை எழுத்துவடிவில் ஏற்று, அவற்றுக்குக் காலக்கெடு தருவதே இதற்கு ஏற்ற வழி. காலக்கெடு முடிந்தபின் தளர்வு கூடாது. அம்ரி மருத்துவமனையின் தரைக்கீழ்த் தளத்தைக் காலிசெய்யுமாறு தீ விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டது. செய்வதாக நிர்வாகம் வாக்களித்தது. வாக்கு நிறைவேற்றப்பட்டதா என்று பார்க்க எவரும் திரும்பிச் செல்லவில்லை. மாறாக 2024 மே 25 அன்று தீப்பற்றி 27 பேரைக் கொன்ற குசராத்தின் ராஜ்கோட் கேளிக்கை விளையாட்டு மையம் தடையில்லாச் சான்றே இல்லாமல் பொதுமக்கள் கண்முன் இயங்கியது. எச்சரித்தும் தொடராத ஆய்வும், ஆய்வே நடவாத இடமும் ஒரே விளைவைத் தந்தன.

இவற்றிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தேவையான மாற்றங்கள் தெளிவாகின்றன. ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர் பதிவு செய்யப்பட வேண்டும். நீரேற்று அறை, வெளியேறு வாயில்கள், மின்பலகை ஆகிய மூன்றையும் அவர் மாதம் ஒருமுறையேனும் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். துறையின் அலுவலர் முன்னறிவிப்பின்றி வந்து கருவிகளை எண்ணுவதற்கு முன் அந்தப் பதிவேட்டையும் கதவுகளையும் பார்க்க வேண்டும். கண்டறிந்த குறையும் தீர்க்க வேண்டிய நாளும் கட்டடத்தின் வாயிலிலும் இணையத்திலும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோருக்கும் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும் உறவினருக்கும் அதை அறியும் உரிமை உண்டு. சட்டம் திருந்தும்வரை காத்திராமல், குடியிருப்போர் சங்கங்களும் மண்டப, விடுதி மேலாளர்களும் இந்த மாதமே மாடிக்கதவின் பூட்டை மாற்றி, படிக்கட்டின் அடியில் நிற்கும் வண்டிகளை அகற்றி, நீரேற்று விசையைத் தானியங்கு நிலையில் வைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் எந்தச் சான்றும் எவருடைய அனுமதியும் தேவையில்லை.